கழித்தது போக அப்பா

செத்துப்போன பிறகு அப்பா என்னிடம் பேசிய முதல் வார்த்தை, "அவைத்தலைவர் அவர்களே" என்பது.

நான் "அப்பா" என்று மட்டும்தான் கூப்பிட்டிருந்தேன். ஒலிப்பெட்டி ஒரு தடவை கனைத்தது. அந்தக் கனைப்பு அச்சு அசல் அவருடையது; எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. அதற்குள் குரல், "அவைத்தலைவர் அவர்களே, நகரச் செயலாளர் அவர்களே, கொட்டும் பனியிலும் கலையாமல் காத்திருக்கும் என் தாய்மார்களே" என்று வரிசையாக ஆரம்பித்துவிட்டது. அறையில் நானும் பிங்கியும் மட்டும்தான் இருந்தோம். வெளியே மே மாத வெயில் மண்டையைப் பிளந்தது.

பிங்கி குரலை நிறுத்திவிட்டுச் சிரிப்பை அடக்கப் பார்த்தாள். முடியவில்லை.

"கோவிச்சுக்காதீங்கக்கா. எங்களுக்குக் கெடச்சதுல முக்காவாசிக்கு மேல மேடைப் பேச்சு. ஊட்டுல பேசுனது உங்கம்மா போன்ல புடிச்ச கொஞ்சூண்டுதான். அதனால யாரு கூப்புட்டாலும் கூட்டம்னு நெனச்சுக்கறாரு."

"ஊட்டுலயும் பாதி நேரம் அவரு அப்புடித்தான்," என்றேன்.

நான் போயிருந்தது திருப்பூரில் ஒரு குரலகம். இறந்தவர் பேசியது எதெல்லாம் கிடைக்கிறதோ அதையெல்லாம் கொடுத்தால், அவரைப் போலவே பேசுகிற ஒன்றை ஆக்கித் தருவார்கள். அதற்குக் குரலுரு என்று பெயர். குரல் மட்டும் அவருடையதில்லை, பதிலும் அவருடையதாக இருக்கும். உயிரோடு இருந்தால் என்ன சொல்லியிருப்பாரோ அதைச் சொல்லும். ஆரம்ப காலத்தில் இதனால் நடந்த கூத்து கொஞ்சநஞ்சமில்லை. செத்த மாமனார் மூத்தவன் வீட்டில் தோட்டத்தை மூத்தவனுக்கு எழுதினார், இளையவன் வீட்டில் இளையவனுக்கு எழுதினார். அதற்குப் பிறகுதான் சட்டம் வந்தது. ஒருவருக்கு ஒரே ஒரு குரலுரு. அதை எப்படி வைத்துக்கொள்வது என்று வாரிசு முடிவு செய்து, இறந்து ஒரு வருடத்துக்குள் முத்திரை போடவேண்டும். முத்திரை விழுந்த பிறகு ஒரு சொல்லைக்கூட மாற்ற முடியாது. முத்திரை போடாமல் விட்டால் குரலுரு அழிந்துபோகும். அவர் உயிரோடிருந்தபோது உண்மையாகப் பேசிய பதிவுகள் மட்டும் இருக்கும்.

இன்னொரு பிரிவும் அந்தச் சட்டத்தில் உண்டு. பொதுவாழ்வில் இருந்தவராக இருந்தால், முத்திரை போட்ட குரலுருவை அவருடைய கட்சியும் மேடையில் ஏற்றலாம். என் கழுத்தில் கயிறு விழுந்தது அந்த இடத்தில்தான்.

என் அப்பா முழக்கம் சென்னியப்பன். வேலி இயக்கத்தின் முதல் பேச்சாளர். இயக்கத்துக்கு இருந்தது ஒரே கொள்கை: வடக்கேயிருந்து பனியன் கம்பெனி வேலைக்கு வருகிறவர்களை ஊருக்குள் விடாதே, வேலி போடு. அதை மூன்று மணி நேரம் அலுக்காமல் சொல்ல அவரால் முடியும். அழுகிற கூட்டத்தைச் சிரிக்க வைப்பார். சிரிக்கிற கூட்டத்தைக் கல்லெடுக்க வைப்பார். எனக்கு மண்மங்கை என்று பெயர் வைத்தவரும் அவர்தான். அந்தப் பெயருக்கு நான் பொறுப்பில்லை.

நான் கல்லூரியில் இருந்தபோது ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் ஊர் மைதானத்தில் பேசினார். கூட்டம் கலைந்த சூட்டிலேயே, பக்கத்துப் பாறைக்குழியில் ஒடிசாக்காரர்கள் குடியிருந்த லைன் வீடுகள் எரிந்தன. திவாகர் நாயக், அவன் தம்பி ஜோகி, திவாகரின் மனைவி கமலினி, மூன்று பேர் வெளியே வரவில்லை. பேச்சுக்கும் தீக்கும் தொடர்பு இருப்பதாக நிரூபிக்கப்படவில்லை என்று நீதிமன்றம் சொன்னது. "நான் வேலி போடத்தானே சொன்னேன், தீ வெக்கச் சொல்லலியே" என்று அப்பா சொன்னார். அதைக் கேட்ட அன்றைக்குப் பெட்டியைக் கட்டிக்கொண்டு சென்னைக்குப் போனவள்தான் நான். அவர் பக்கவாதத்தில் விழுந்த பிறகுதான் திரும்பி வந்தேன்.

பக்கவாதம் அவருடைய பேச்சை மட்டும் குறிவைத்து எடுத்துக்கொண்டுபோனது. சாகும்வரை இரண்டு வருடம் நான்தான் பார்த்துக்கொண்டேன். குளிப்பாட்டினேன், ஊட்டினேன், நகம் வெட்டினேன். அவரால் ஒரு வார்த்தை சொல்ல முடியவில்லை. நானும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. வாயில்லாதவரிடம் என்னத்தைக் கேட்பது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அவர் போன பிறகு வீட்டில் எது சத்தம் போட்டாலும் அவர்தான் கூப்பிடுகிறார் என்று எழுந்து ஓடினேன். என்னைக் கண்ணு என்று கூப்பிட உலகத்தில் அந்த ஒரு குரல்தான் இருந்தது. அந்தக் குரல் வேண்டும் என்று நான் ஏங்கினேன், அவ்வளவுதான். ஊருக்காக ஒன்றும் அங்கே போகவில்லை.

"பேச்சாளரை எடுத்துட்டு அப்பாவ மட்டும் குடுக்க முடியுமா?" என்று பிங்கியிடம் கேட்டேன்.

"கழிச்சுப் பாக்கலாங்கக்கா. ஆனா ஒன்ன எடுக்கறப்ப கூட எது வரும்னு எடுத்தாத்தான் தெரியும்."

எனக்கு அது பெரிய விஷயமாகத் தெரியவில்லை. என் பிழைப்பே அதுதான். சாயக்கழிவு சுத்திகரிப்பு நிலையத்தில் வேதியியலாளர் நான். காலையில் சிவப்பும் நீலமும் கறுப்புமாக வருகிற தண்ணீர், சாயங்காலம் பளிங்காகத் திரும்பிப் போகும். கரைந்த எதையும் பிரித்துவிடலாம் என்பது எங்கள் தொழிலில் வேதவாக்கு. பிரித்தெடுத்ததை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது என்பதற்குத்தான் இன்றுவரை எங்களிடம் பதில் இல்லை. எதற்கும் உதவாத கலப்பு உப்பு மூட்டை மூட்டையாகக் கொட்டகையில் அடுக்கிக் கிடக்கிறது. அதை யாரும் வாங்குவதுமில்லை, மண்ணில் புதைக்கவும் விடுவதில்லை.

பிங்கியைப் பற்றிச் சொல்லவேண்டும். அவள் பெற்றோர் ஜார்க்கண்டிலிருந்து வந்தவர்கள். அவள் பிறந்தது வளர்ந்தது எல்லாம் இங்கேதான். அவள் பேசுகிற கொங்குத் தமிழுக்கு முன்னால் என் சென்னைத் தமிழ் தலைகுனிய வேண்டும். இந்த ஊரில் இப்போது பாதிப் பேர் அப்படித்தான். வீட்டுக்குள் ஒரு மொழி, வாசலைத் தாண்டினால் "ஏனுங்க". இப்படிப்பட்டவளிடம்தான் என் அப்பாவின் நாற்பது வருடப் பேச்சையும் கொடுத்துக் கேட்கச் சொல்லியிருந்தார்கள்.

"வேற யாருகிட்டயாச்சும் மாத்தச் சொல்லட்டுமா?" என்று முதல் நாளே கேட்டேன்.

"எதுக்குங்க? எல்லாத்தையும் கேட்டு முடிச்சாச்சு." பிறகு சொன்னாள்: "எங்களத் திட்டறதக்கூடத் தாங்கிக்கிட்டனுங்க. ரெண்டு எடத்துல எனக்கே சிரிப்பு வந்துருச்சு. அதுக்குத்தான் கோவம் கோவமா வந்துச்சு."

முதல் கழிப்பில் கோஷங்கள் போயின. "வேலி போடு" போனது, அவர்களே, தாய்மார்களே எல்லாம் போனது. நான் "அப்பா" என்றதும் ஒரு கனைப்பு. பிறகு, "கண்ணு, வந்துட்டியா? இந்நேரம் வரைக்கும் எங்க போயிருந்தே?" என்றது குரல்.

நான் மேசையில் தலையை வைத்து அழுதேன். சத்தம் போட்டுத்தான் அழுதேன். பிங்கி வெளியே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அன்றைக்கு அவரும் நானும் ஏதேதோ நாயம் பேசினோம். அம்மா வைக்கிற அரிசிம்பருப்புச் சோறு பற்றி, எனக்கு மிதிவண்டி பழக்கிக் காலை உடைத்தது பற்றி. பக்கத்து வீட்டுக்காரரைக் கிண்டல் செய்தார். எனக்குச் சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது.

பேச்சோடு பேச்சாக வேலைக்கு வருகிறவர்களைப் பற்றிக் கேட்டேன். "வடக்கனுங்களா? அவனுங்களுக்கு மூளை முட்டிக்குக் கீழ கண்ணு" என்றார், அதே சிரிப்போடு.

கோஷம் போயிருந்தது, சரக்கு அப்படியே இருந்தது.

இரண்டாம் கழிப்பில் அந்த இளக்காரம் போனது. கூடவே பக்கத்து வீட்டுக்காரர் கிண்டலும் போனது. அப்பா நிதானமானவர் ஆனார். யாரைக் கேட்டாலும் "நல்ல மனுசன்" என்றார். ஆனால் எங்கோ அடியில் அது இன்னும் ஒட்டிக்கொண்டிருப்பதாகப் பிங்கி சொன்னாள். மூன்றாம் கழிப்பும் ஆயிற்று.

இந்த இடத்தில் பூரி விளையாட்டைச் சொல்லியாக வேண்டும். சின்ன வயதில் நான் சோறு தின்னமாட்டேன். அப்பா தட்டோடு சமையல்கட்டுக் கதவுக்குப் பின்னால் போய் நின்றுகொள்வார். தெருவில் பானிபூரி விற்கிற பையன் பேசுகிற அரைகுறைத் தமிழில், மூக்கால் குரல் வரும்: "மேடம்! பூரி வந்தாச்சு! ஒன்னு சாப்புடுது, ரெண்டு சாப்புடுது, காசு வேணாம், மேடம் வாய் தொறக்குது!" நான் சிரிப்பேன். சிரிக்கும்போது வாய் திறக்கும். உருண்டை உள்ளே போய்விடும். என் வாழ்க்கையில் எனக்குக் கிடைத்த மிகப் பெரிய சந்தோஷம் எது என்று யாராவது கேட்டால் நான் அந்தக் கதவைத்தான் சொல்வேன்.

"அப்பா, பூரி விக்கறவனாட்டப் பேசுங்க," என்றேன்.

"எந்தப் பூரி கண்ணு?"

"என்ற வாயில சோறு வெக்கறதுக்குப் பேசுவீங்கல்ல."

"அப்படி ஒரு வெளையாட்டு வெளையாடுனமா? எனக்கு ஞாபகம் வல்லியே. நீ சொன்னாச் சரியாத்தான் இருக்கும்." மரியாதையாக, வங்கி மேலாளர் மாதிரி சொன்னார்.

நான் பிங்கி மேல் பாய்ந்தேன். எதை எடுக்கச் சொன்னால் எதை எடுத்திருக்கிறாய், அது குழந்தை விளையாட்டு, அதில் என்ன விஷம் இருக்கிறது என்று கத்தினேன். அவள் இரண்டு பதிவுகளைத் தேடி எடுத்தாள்.

முதலாவது அம்மா போனில் பிடித்தது. பூரி விளையாட்டு. கடைசியில் ஒரு குழந்தை கெக்கெக்கே என்று சிரிக்கிறது. அது நான்.

இரண்டாவது, பல வருடம் கழித்து, அந்த ஞாயிற்றுக்கிழமைப் பொதுக்கூட்டம். அதே மூக்குக் குரல், அதே இழுப்பு. "ஒன்னு வருது, ரெண்டு வருது, டிக்கெட் வேணாம், ரயில் வருது! தமிழன் வாய் தொறக்குது, இவன் சோத்தை எடுக்குது!" கூட்டம் வெடித்துச் சிரிக்கிறது. சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்து, குரலைத் தாழ்த்தி அப்பா சொல்கிறார்: "சிரிச்சாச்சா? இப்ப நான் சொல்றதக் கேளு. பாறைக்குழி எங்க இருக்குதுன்னு உனக்குத் தெரியும்."

பிங்கி நிறுத்தினாள்.

"இது ரெண்டையும் பிரிக்க முடியலீங்கக்கா. மேடையில இருந்து ஊட்டுக்கு வந்துருந்தா வழிச்சு எடுத்துருக்கலாம். இது ஊட்டுல இருந்து மேடைக்குப் போயிருக்குது."

நான் எழுந்து வந்துவிட்டேன். வெறுப்பு எங்கேயோ வெளியிலிருந்து வந்து அவரைப் பிடித்துக்கொண்டது என்றுதான் இத்தனை வருடம் நினைத்திருந்தேன். பேய் மாதிரி, கெட்ட சகவாசம் மாதிரி. அது எனக்குச் சோறு ஊட்டிய கையிலேயே இருந்தது.

மறுநாள் அங்கண்ணன் மாமா என்னைத் தேடி நிலையத்துக்கே வந்தார். இயக்கத்தின் இப்போதைய செயலாளர். அப்பாவுக்கு வலது கையாக இருந்தவர். நாற்காலியில் உட்காராமல் வேட்டி நுனியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"அம்முணி, வருசத் திதி நெருங்குது. அன்னைக்குக் கூட்டம் போட்டிருக்கறோம். அண்ணன் பேசோணும்."

"அவரு செத்துட்டாருங்க மாமா."

"அதுக்குத்தான் உன்ற கையில வந்து நிக்கறேன். நீ என்னமோ அவரக் கழிக்கறயாமா? ஆளையே வெட்டறதும் அதுவும் ஒன்னுதான் சாமி." அவர் கண் கலங்கிவிட்டது. நடிப்பில்லை. "முழுசா முத்திரை போடு. ஊட்டுல உனக்கு அப்பனா இருக்கட்டும். மேடையில எங்களுக்கு அண்ணனா இருக்கட்டும். யாருக்கு என்ன நட்டம்?"

"பாறைக்குழிக்கு."

"அதெல்லாம் எப்பவோ முடிஞ்சு போன நாயம். கோர்ட்டே சொல்லிருச்சு." பிறகு மெதுவாகக் கேட்டார்: "அந்த வாய் சம்பாதிச்ச சோத்தத் தின்னுதான அம்முணி நீயும் வளந்தே?"

அவர் போன பிறகு வெகுநேரம் தொட்டிகளையே பார்த்துக்கொண்டு நின்றேன். உண்மையைச் சொல்கிறேன், எனக்கு ஆசையாகத்தான் இருந்தது. முழுசாகப் போட்டால் பூரி விளையாட்டு கிடைக்கும், கிண்டல் கிடைக்கும், வயிறு வலிக்கிற சிரிப்பு கிடைக்கும். மேடையில் அவர் பேசுவதை நான் கேட்காமல் இருந்துகொள்ளலாம். கூழுக்கும் ஆசை மீசைக்கும் ஆசை. ஆனால் தேர்தல் வருகிற நேரத்தில் இந்த ஊரில் அந்தக் குரல் மறுபடி ஒலித்தால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாதா? அவர் இன்னும் நன்றாகப் பேசுவார். இந்தத் தடவை தொண்டைகூடக் கட்டாது.

அதனால் மூன்றாம் கழிப்பு அப்பாவுக்கே முத்திரை போட்டுவிடுவது என்று முடிவு செய்தேன். மந்தமானவர், சாது. ஆனால் கண்ணு என்று கூப்பிடுவார். கட்சிக்காரர்கள் மேடையில் ஏற்றினாலும் சாமியார் மாதிரி நாலு நல்ல வார்த்தை சொல்லிவிட்டு இறங்குவார். யாருக்கும் கெடுதலில்லை. ஒரு வகையில் இதுதான் நான் சின்ன வயதில் வேண்டிக்கொண்ட அப்பா. எல்லார் வீட்டு அப்பாவையும் போல ஒருவர்.

முத்திரை போடுவதற்கு முன் ஒரே ஒன்று கேட்கத் தோன்றியது. ஏன் கேட்டேன் என்று தெரியாது.

"அப்பா, பாறைக்குழி ஞாபகம் இருக்குதுங்களா? லைன் வீடுக எரிஞ்சுதே. மூணு பேரு செத்தாங்களே."

"அப்படியா?" குரலில் உண்மையான துயரம் இருந்தது. "அய்யோ பாவமே. யாரு கண்ணு அப்படிப் பண்ணுனது?"

அறையைப் பிரித்த கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கமிருந்து பிங்கி மெதுவாகச் சொன்னாள், "அவருக்குத் தெரியாதுங்கக்கா. நாமதான எடுத்துட்டோம்."

நான் நாற்காலியைத் தள்ளிவிட்டு அவள் பக்கம் போனேன். அவள் என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை.

"நீங்க இதுக்கு முத்திரை போட்டா, திதிக்கு இவருதான் பேசுவாரு. எங்க சனம்கூடக் கூட்டத்துல நிக்கும். இத்தன நல்ல மனுசனா அப்புடிப் பேசிருப்பாருன்னு கேக்கும். தீ வெச்சவங்கள அன்னைக்கே விட்டுட்டாங்க. இப்பப் பேசுனவரும் பேசலேன்னு ஆயிருச்சுன்னா, அந்த மூணு பேரும் தானா எரிஞ்ச மாதிரிதானுங்களே?"

அவளுக்கு இறந்தவர்கள் சொந்தமில்லை. பாறைக்குழிக்கு அவள் போனதுகூட இல்லையாம். ஆனாலும் அவள் குரல் உடைந்தது.

நான் கேட்டேன், "முழுசா இருக்கறவர மன்னிப்புக் கேக்க வெக்க முடியுமா?"

"முடியுமுங்க. நெறையப் பேரு அதத்தான் கேட்டு வாராங்க. செத்த பொண்டாட்டி மன்னிச்சுட்டேன்னு சொல்லோணும், செத்த அப்பன் உன்ன நெனச்சுப் பெருமைப்படறேன்னு சொல்லோணும். ஒரு தள்ளு தள்ளிவுட்டாச் சொல்லிருவாங்க. செய்யட்டுமா?"

அவள் கை விசைப்பலகை மேல் இருந்தது. சரி என்ற சொல் என் வாய் வரை வந்துவிட்டது. அவர் குரலில் அந்த ஒரு சொல்லைக் கேட்பதற்காக நான் என் மிச்ச ஆயுளில் பாதியைக் கொடுப்பேன். ஆனால் அவர் சொல்லாததை அவர் குரலில் சொல்ல வைப்பது வேறு, அவர் சொன்னதைச் சொல்லவில்லை என்பது வேறா? இரண்டும் ஒரே பித்தலாட்டம்தான்.

"வேண்டாம். எதையும் தொடாத. கழிச்சதெல்லாம் திரும்ப உள்ள போட்டு, ஒரே ஒரு தடவ முழுசா குடு. பேசிட்டு வந்துர்றேன்."

"பேசிட்டு?"

"முத்திரை போடலை."

அவள் அப்போதுதான் என்னைப் பார்த்தாள். "அப்புறம் மறுக்கா வேணுமுன்னாலும் வராதுங்கக்கா."

"தெரியும்."

உள்ளே போய் உட்கார்ந்தேன். மத்தியானம். குளிர்சாதனம் முனகிக்கொண்டிருந்தது. "அப்பா" என்றேன்.

"அவைத்தலைவர்... அட, கண்ணு, நீயா? தனியாவா வந்துருக்கறே? கூட்டம்னு நெனச்சுட்டேன் போ." பெரிதாகச் சிரித்தார். முழு அப்பா.

"ஒரு தடவ பூரி விளையாட்டு விளையாடுங்கப்பா."

அவர் கேட்டுக்கொண்டா இருப்பார். உடனே மூக்குக் குரல் வந்துவிட்டது. "மேடம்! பூரி வந்தாச்சு! ஒன்னு சாப்புடுது, ரெண்டு சாப்புடுது..." என் கன்னம் தானாக மேலே ஏறியது. ஐம்பது வயது உடம்புக்கு அந்தக் குரலைக் கேட்டால் வேறொன்றும் செய்யத் தெரியாது. நான் பல்லைக் கடித்துக்கொண்டேன். சிரிக்கவில்லை.

அவர் காத்திருந்தார். சிரிப்பு வரவில்லை என்றதும் மறுபடி ஆரம்பித்தார். குரலை இன்னும் கோணலாக்கினார், வார்த்தையை இன்னும் உடைத்தார். பையனைத் திக்க வைத்தார். அவன் ஊரை இழுத்தார், அவன் அம்மாவை இழுத்தார். சோறு தின்னாத குழந்தைக்கு முன்னால் ஒரு தகப்பன் படுகிற பாடு அது. அதே மூச்சில் அது ஒரு பொதுக்கூட்டமும்கூட. இரண்டுக்கும் நடுவில் ஒரு நூல் போகிற இடைவெளி இல்லை. என் கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது, ஆனால் நான் சிரிக்கவில்லை.

கடைசியில் அவரே நிறுத்திக்கொண்டார்.

"ஏங் கண்ணு, சிரிக்க மாட்டேங்கறே?"

"சிரிப்பு வல்லீங்கப்பா."

"நீ சிரிச்சீன்னா ஊரே சிரிக்கும்னு அப்பவே தெரிஞ்சுக்கிட்டேன் நானு. உங்கிட்டச் சொல்லிப் பாத்துட்டுத்தான மேடைக்கே கொண்டு போவேன்." பிறகு, எனக்குப் பழக்கமில்லாத ஒரு சின்னக் குரலில், "வேற என்ன பேசறதுன்னு எனக்குத் தெரியலியே கண்ணு," என்றார்.

அவரை அள்ளி மடியில் போட்டுக்கொள்ள வேண்டும் போல இருந்தது. போட்டுக்கொள்ள அங்கே ஒரு பெட்டிதான் இருந்தது.

"நான் பேசறனுங்கப்பா. நீங்க கேளுங்க."

அந்த இரண்டு வருடம் சொல்லியிருக்க வேண்டியதைச் சொன்னேன். அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு மறுநாள் நான் பாறைக்குழிக்குப் போனதைச் சொன்னேன். கதவு வெளியிலிருந்து கம்பி போட்டுக் கட்டியிருந்ததைச் சொன்னேன். திவாகர் கட்டிங் மாஸ்டர், ஜோகி வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை என்று சொன்னேன். கமலினி வாசலில் கனகாம்பரம் வைத்திருந்ததையும், அது எரியாமல் நின்றதையும் சொன்னேன். ஒவ்வொன்றுக்கும் "நான் தீ வெக்கச் சொல்லலியே" என்று வரும் என்று எதிர்பார்த்தேன். ஒரு தடவை வந்தது. நான் நிறுத்தவில்லை. இரண்டாம் தடவை பாதியில் நின்றது. அதற்குப் பிறகு வரவில்லை.

நான் முடித்தேன். கண்ணாடிக்குப் பின்னால் பிங்கி எழுந்து நின்றிருந்தாள். இரண்டு கையையும் பலகையிலிருந்து எடுத்து, நான் எதுவும் செய்யவில்லை என்பது போல விரித்துக் காட்டினாள்.

"அந்தப் புள்ளைக்கு," என்றார் அப்பா. கனைத்துக்கொண்டார். "கனகாம்பரம் வெச்சிருந்த அந்தப் புள்ளைக்கு என்ன வயசு கண்ணு?"

அவர் உயிரோடு இருந்தவரையில் அவர்களைப் பற்றி ஒரு கேள்விகூடக் கேட்டதில்லை. இது அவர் கேட்டதா, அவர் குரலில் பெட்டி கேட்டதா, எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டுமென்றால் முத்திரை போடவேண்டும். நாளைக்கு வந்து இன்னொன்று கேட்கலாம், நாளன்றைக்கு இன்னொன்று. கேள்வி கேட்டே அவரை மெல்ல மெல்ல நான் விரும்புகிற இடத்துக்குக் கொண்டுவந்தும்விடலாம். ஆனால் திதிக்கு மேடையில் ஏறிப் பேசுவது அந்தப் பழைய முழக்கமாகத்தான் இருக்கும்.

"அப்ப என்ற வயசுதானுங்கப்பா," என்றேன்.

நான் கொஞ்சம் காத்திருந்தேன். பிறகு இன்னும் கொஞ்சம். அப்புறம் கண்ணாடியைப் பார்த்து, நிறுத்திவிடு என்று தலையசைத்தேன்.